கோஹா பயனர் குழு: ஒரு மாவட்டத்தில் தொடங்கி நிலைநிறுத்த முழுமையான வழிகாட்டி

கோஹா என்ற கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருளை நிறுவிக் கொடுக்க ஆள் கிடைப்பது இப்போது சிரமமில்லை. சிரமம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. நிறுவித் தந்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். பதிப்பு பழையதாகியிருக்கும். தமிழ்ப் புத்தகத்தின் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும் தேதி மட்டும் நெருங்கிக்கொண்டிருக்கும். தனியாக இருக்கும் நூலகர் அந்த இடத்தில் பழைய மென்பொருளுக்கோ எக்செலுக்கோ திரும்பிவிடுகிறார்.

இதற்குத் தீர்வாகப் பல மாவட்டங்களில் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். ஆறு மாதத்தில் அது வாழ்த்துப் படங்களின் குழுவாகிவிடும். குழுவைச் சிதறாமல் பிடித்துவைப்பது எல்லோரும் சேர்ந்து செய்யும் பொதுவேலைதான். எந்த ஒரு நூலகமும் தனியாகச் செய்து முடிக்க முடியாத வேலையாக அது இருக்க வேண்டும். தமிழ் ஆசிரியர் பெயர்ப் பட்டியல், அறிக்கைகளின் தொகுப்பு, பதிப்பு உயர்த்தும் நாட்காட்டி, இடைமுகத்தின் தமிழாக்கம் ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. இந்த வழிகாட்டி அவற்றைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது.

கோஹா பிறந்ததே ஒரு சிறிய ஊர் நூலகத்தின் தேவைக்காகத்தான். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை பயன்படுத்திவந்த மென்பொருள் 2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலைத் தாங்காது என்று தெரிந்தபோது, 1999-இல் கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தைக் கொண்டு புதிதாக எழுதச் செய்து, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2000 ஜனவரித் தொடக்கத்தில் அது புழக்கத்துக்கு வந்தது. இன்று ஆண்டுதோறும் மே, நவம்பர் மாதங்களில் புதிய பதிப்பு வருகிறது. பதிப்பு எண்ணே ஆண்டையும் மாதத்தையும் சொல்லிவிடும்: 23.11 என்றால் 2023 நவம்பர். 2011-இல் உலக கோஹா மாநாடு மகாராஷ்டிரத்தின் தானேயில் நடந்தது. உள்ளூர்க் குழு ஒன்று இந்த உலகச் சமூகத்தின் ஒரு கிளையாகத் தன்னை வைத்துக்கொண்டால்தான் நீடிக்கும்.

எல்லையும் ஆட்களும்

காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரமே குழுவின் எல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி சேர்ந்து ஒரு குழுவாகலாம்; ஈரோடு, நாமக்கல், சேலம் ஒன்றாகலாம். மாநிலம் முழுவதற்கும் என்று தொடங்கினால் நேரில் சந்திப்பது ஆண்டுக்கு ஒருமுறை என்றாகி, பிறகு அதுவும் நின்றுபோகும்.

முதலில் ஒரு கணக்கெடுப்பு. எல்லைக்குள் இருக்கும் கலை அறிவியல், பொறியியல், கல்வியியல் கல்லூரிகள், பெரிய பள்ளிகள், அறக்கட்டளை நூலகங்கள் எல்லாவற்றையும் தொலைபேசியில் கேளுங்கள். ஆறு கேள்விகள் போதும்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எத்தனை புத்தகங்கள் ஏற்றியாயிற்று, இஷ்யூ-ரிட்டர்ன் அதில் நடக்கிறதா, காப்புநகல் எங்கே இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களே குழுவின் முதல் வேலை என்ன என்பதைக் காட்டிவிடும்.

எட்டு நூலகங்கள் இருந்தால் தொடங்கலாம். அவற்றில் குறைந்தது மூன்று நூலகங்கள் ஓராண்டுக்கு மேல் கோஹாவில் இஷ்யூ-ரிட்டர்ன் நடத்தியிருக்க வேண்டும். எல்லோருமே புதியவர்களாக இருந்தால் கேள்விகள் மட்டும் குவியும். சோல், இ-கிரந்தாலயா போன்ற வேறு நூலக மென்பொருள்களைப் பயன்படுத்தி மாற யோசிப்பவர்களையும் சேருங்கள். தரவு மாற்றத்தில் வரும் சிக்கல்கள் அவர்கள் வழியாகத்தான் தெரியவரும். அரசுப் பொது நூலகங்களில் மென்பொருள் முடிவு மேலிடத்தில் எடுக்கப்படுவது என்றாலும், தமிழ் நூல் விவரங்களில் அங்குள்ள நூலகர்களின் அனுபவம் கல்லூரிக்காரர்களுக்குக் கிடைக்காதது. அவர்களை விட்டுவிடாதீர்கள்.

கோஹா இயங்கும் லினக்ஸ் இயங்குதளம் தெரிந்தவர் ஒருவராவது தேவை. கல்லூரியின் கணினித் துறை, சென்னை, காஞ்சிபுரம் போன்ற இடங்களில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள் ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள். அவரிடம் நூலக வேலையைத் தள்ளாமல் சர்வர் வேலையை மட்டும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் அவரையே அழைத்தால் நான்கே மாதத்தில் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிடுவார்.

முதல் கூட்டம்

ஜூன், ஜூலையில் மாணவர் சேர்க்கை. நவம்பர், ஏப்ரல், மே மாதங்களில் தேர்வும், நூலகத்தில் பாக்கி இல்லை என்று தரும் நோ-டியூ சான்றும். இந்த மாதங்களில் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். ஆகஸ்ட், செப்டம்பர், அல்லது ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி வரை வையுங்கள். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று அவரவர் கல்லூரியில் விழா இருக்கும், அந்த நாளைத் தவிருங்கள்.

கல்லூரி நூலகர் வெளியே வர ஆன் டியூட்டி அனுமதி வேண்டும். மூன்று வாரம் முன்பே முதல்வர் பெயருக்குக் கடிதம் போக வேண்டும். கடிதத்தில் நிகழ்ச்சி நிரலும், பங்கேற்புச் சான்று தரப்படும் என்ற வரியும் இருக்கட்டும். இந்த ஒரு வரி இல்லாததால் வர விரும்பியும் வர முடியாமல் போனவர்கள் ஏராளம். காலை பத்துக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்துவிடுங்கள்; தொலைவிலிருந்து பேருந்தில் வருபவர்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும்.

குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்புரை என்று போனால் முற்பகல் முழுவதும் கரைந்துவிடும். வரவேற்புக்குப் பத்து நிமிடம் போதும். பிறகு ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் தம் நூலகத்தின் கோஹாவைத் திரையில் காட்டட்டும். ஒருவர் பார்கோடு லேபிளில் திணறியிருப்பார், இன்னொருவர் அதை எளிதாகத் தீர்த்திருப்பார். அங்கேயே, அந்த நொடியிலேயே குழு தொடங்கிவிடுகிறது. மதியத்துக்குப் பிறகு ஒரே பயிற்சி: காப்புநகல்.

டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கான தொகுப்பு வழியாக நிறுவிய கோஹா தினமும் தானே காப்புநகல் எடுக்கிறது. ஆனால் அதை அதே கணினியின் வட்டில்தான் வைக்கிறது, அதுவும் இயல்பாக இரண்டு நாள் நகல் மட்டும். வட்டு பழுதானால் தரவும் நகலும் சேர்ந்தே போய்விடும். நகல் எந்த அடைவில் விழுகிறது என்று ஒவ்வொருவரும் கண்டுபிடித்து, வேறொரு கணினிக்கு அனுப்பும் சிறு ஸ்கிரிப்டைத் தங்கள் கல்லூரிக்கு எடுத்துப் போகட்டும். அத்தோடு ஒரு வீட்டுப்பாடமும் கொடுங்கள்: அந்த நகலை இன்னொரு கணினியில் மீட்டெடுத்து, கடைசியாக இஷ்யூ ஆன புத்தகம் அதில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புநகலை நம்ப முடியாது.

அறிக்கைகள்: எளிதில் பலன் தருவது

முதல் பொதுவேலையாக, தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் எஸ்கியூஎல் அறிக்கைகளை எடுங்கள். சேர்க்கைப் பதிவேடு வரிசை எண்ணோடு, துறைவாரியாகப் புத்தகமும் தலைப்பும், ஆண்டுவாரியாக வாங்கிய தொகை, ஓராண்டாக வெளியே போகாத புத்தகங்கள், நோ-டியூவுக்கு நிலுவைப் பட்டியல் என்று இருபது அறிக்கைகள் இருந்தால் ஒரு கல்லூரியின் தேவை பெரும்பாலும் அடங்கிவிடும். நாக் படிவம் நூலகத் தானியங்கலைப் பற்றியும் அன்றாடப் பயன்பாட்டைப் பற்றியும் கேட்கிறது. அதற்கு ஏற்ற அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் குழுவுக்கு ஆட்கள் தாமாக வருவார்கள்.

ஒவ்வொரு அறிக்கையின் தலையிலும் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தது, எந்தத் தேதியில், எதை மாற்றிப் பயன்படுத்த வேண்டும். பதிப்பு மாறும்போது தரவுத்தள அட்டவணைகள் மாறுவதுண்டு. பழைய அறிக்கை பிழை காட்டினாலாவது கவனிப்போம். பிழை காட்டாமல் தவறான எண்ணைத் தந்தால் அது நேராக நாக் படிவத்துக்குள் போய்விடும்.

தமிழ்த் தரவு

எல்லாவற்றையும்விட அதிக உழைப்பு இங்கேதான் தேவை. வெளிநாட்டு ஆங்கில நூலுக்கு, வேறு நூலகத்தின் பட்டியலைத் தேட உதவும் இஸட் 39.50 நெறிமுறை வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து பதிவை இறக்கிக்கொள்ளலாம். இதில் ஒரு எச்சரிக்கை: கல்லூரியின் ஃபயர்வால் 210-ஆம் போர்ட்டை அடைத்திருந்தால் தேடல் பதிலே தராது, கோஹாவில் குறை என்று நினைத்து நாட்களைத் தொலைப்பார்கள். முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். தமிழ் நூல்களுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் பதிவுகள் குறைவு, கிடைப்பவையும் பெரும்பாலும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கும். ஆகவே நல்ல தமிழ்ப் பதிவுகளை நாமே உருவாக்கிப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் படி, பழைய எழுத்துருக்களிலிருந்து மீள்வது. பல நூலகங்களின் எக்செல் கோப்புகள் பாமினியிலோ வானவிலிலோ தட்டியவை. அப்படியே ஏற்றினால் கோஹாவில் ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும். மாற்றி மென்பொருளில் போடும்முன் தமிழ் வரிகளையும் ஆங்கில வரிகளையும் பிரித்துவிடுங்கள். கலந்திருந்தால் ஆங்கிலத் தலைப்புகளும் பொருளற்ற தமிழாக மாறிவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. ஐம்பது வரிகளை மாற்றி, அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே முழுக் கோப்பையும் மாற்றுங்கள்.

இரண்டாவது, யூனிகோடுக்குள்ளேயே இருக்கும் சிக்கல். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வெவ்வேறு. யூனிகோடின் என்எஃப்சி ஒழுங்குக்கு முழுக் கோப்பையும் மாற்றினால் இது சரியாகிவிடும். 'ஔ' அப்படியல்ல. அதை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் எந்தத் தானியங்கி ஒழுங்கும் திருத்தாது. 'கௌ' வரிசையிலும் கொம்போடு 'ள' சேர்த்துத் தட்டுவது உண்டு. இவற்றைத் தேடிக் கண்டு கையால்தான் மாற்ற வேண்டும். 'ஸ்ரீ' எழுத்தும் இரு விதமான குறிகளில் வருகிறது. ஒன்றைத் தேர்ந்து குழுவின் விதியாக எழுதிவையுங்கள்.

மூன்றாவது, தேடல். கோஹாவின் தேடுபொறியான ஜெப்ராவின் இயல்பான எழுத்து அட்டவணை தமிழுக்கு ஏற்றதல்ல. சொற்களைச் சரியாக வெட்டாது. அமைப்புக் கோப்பில் யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, அட்டவணையை முழுவதுமாக மறுபடி கட்ட வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற மற்றொரு தேடுபொறியைப் பயன்படுத்தினால் அதற்குரிய ஐசியு செருகுநிரல் வேண்டும். ஒரே கணினியில் இரண்டு நூலகங்களின் கோஹா இயங்கினால் இந்த மாற்றம் இரண்டையும் பாதிக்கும் என்பதையும் கவனியுங்கள். பதிப்பு உயர்த்தும்போது "அமைப்புக் கோப்பு மாறியிருக்கிறது, பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா" என்று டெபியன் கேட்கும். யோசிக்காமல் புதியதைத் தேர்ந்தால் தமிழ்த் தேடல் மறுபடி கெட்டுப்போகும். உயர்த்திய பிறகு 'கொங்கு', 'சோழர்', 'கௌதமர்' என்ற மூன்று சொற்களைத் தேடிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

நான்காவதுதான் குழுவின் பெரிய சொத்தாகப் போவது: ஆசிரியர் பெயர்களின் அதாரிட்டி பதிவுகள், அதாவது ஒரு பெயரின் முதன்மை வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் சேர்த்துவைக்கும் பதிவுகள். ஒரே ஆசிரியர் தலைப்பெழுத்து முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளியில்லாமல், புனைபெயரில், இயற்பெயரில் என்று பல வடிவில் ஒரே நூலகத்தில் கிடப்பார். நூலகப் பதிவுக்கான மார்க் வடிவத்தில் புதுமைப்பித்தன் என்பதை முதன்மைப் பெயருக்கான 100-ஆம் புலத்தில் வைத்து, 'விருத்தாசலம், சொ.' என்பதையும் ரோமன் வடிவத்தையும் மாற்றுப் பெயர்களுக்கான 400-ஆம் புலங்களில் வைத்தால், எப்படித் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். 'கல்கி', 'கிருஷ்ணமூர்த்தி, ரா.' என்பதும் இப்படியே. எந்த வடிவம் முதன்மை என்பதைக் குழு ஒருமுறை முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். நூலின் முகப்பில் அதிகம் காணப்படும் வடிவம் முதன்மை என்று வைத்துக்கொண்டால் சர்ச்சை குறையும்.

வேலை முறை இது. ஒவ்வொரு நூலகமும் தன்னிடம் அதிகப் பிரதிகள் உள்ள ஐம்பது தமிழ் ஆசிரியர்களின் பட்டியலைத் தரட்டும். ஒன்றுசேர்த்து இரட்டைகளை நீக்கினால் முதல் சுற்றுக்குப் போதுமான பெயர்கள் வரும். இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்து, மூன்றாமவர் வேறுபாடுகளைத் தீர்க்கட்டும். ஒரு கோஹாவில் பதிவுகளாக ஏற்றி, மார்க் கோப்பாக வெளியெடுத்து, மற்றவர்கள் அதாரிட்டி வகை என்று குறித்து இறக்கிக்கொள்ளலாம். அதன்பின் நூல் பதிவுகளை இவற்றோடு இணைக்கும் ஸ்கிரிப்டை முதலில் சோதனை நிலையில் மட்டும் ஓட்டுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கும்போது தவறாக இணைந்துவிடும், அதைச் சோதனைப் பட்டியலில்தான் பிடிக்க முடியும். அதாரிட்டி பதிவைத் தானாக உருவாக்கும் தெரிவைச் சுத்திகரிப்பு முடியும்வரை அணைத்துவையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு எழுத்துப்பிழைக்கும் ஒரு புதிய ஆசிரியர் பிறப்பார்.

பதிப்பு உயர்த்தும் நாட்காட்டி

ஆளுக்கொரு பதிப்பில் இருந்தால் ஒருவரின் தீர்வு மற்றவருக்கு உதவாது. எல்லோரும் ஒரே பதிப்பில் இருக்க முடிவெடுங்கள். 24.11 போல நீண்டகால ஆதரவு உள்ள பதிப்புகள் கல்லூரிகளுக்கு ஏற்றவை. வெளியான அன்றே ஏறாதீர்கள். மாதந்தோறும் திருத்த வெளியீடுகள் வருகின்றன, மூன்று நான்கு வந்த பின் பருவ விடுமுறையில் ஏற்றலாம்.

குழுவில் ஒரு நூலகம் முதலில் தன் தரவின் நகலைத் தனிக் கணினியில் உயர்த்திப் பார்க்கட்டும். நான்கு ஜிபி நினைவகம் சோதனைக்குப் போதும், நேரடிப் புழக்கத்துக்கு எட்டு இருந்தால் நிம்மதி. இஷ்யூ, ரிட்டர்ன், புதுப்பித்தல், அபராதம், தமிழ்த் தேடல், லேபிள் அச்சு, இரண்டு அறிக்கைகள், ஓபேக் (வாசகர் தேடும் இணையப் பட்டியல்) உள்நுழைவு, மின்னஞ்சல் அறிவிப்பு, காப்புநகல் என வரிசையாகச் சரிபார்த்து, பார்த்ததை எழுதி அனுப்பிய பிறகே மற்றவர்கள் தொட வேண்டும். மிக அடிக்கடி நேரும் விபத்து ஒன்று உண்டு. கல்லூரிச் சின்னத்தையும் நிறத்தையும் வார்ப்புருக் கோப்புகளிலேயே யாரோ திருத்தியிருப்பார்கள், உயர்த்தியவுடன் எல்லாம் அழிந்துவிடும். அந்த மாற்றங்களைப் பயனர் சிஎஸ்எஸ், பயனர் ஜாவாஸ்கிரிப்ட் என்று அமைப்புத் தெரிவுகளில் இதற்கென்றே உள்ள பெட்டிகளில் எழுதினால் எத்தனை முறை உயர்த்தினாலும் நிலைக்கும்.

கேள்வி கேட்கும் முறை

"சார், கோஹா ஓடவில்லை" என்ற செய்திக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பதிப்பு எண், இயங்குதளம், என்ன செய்தபோது நின்றது, திரையில் வந்த பிழைச் செய்தி முழுவதும், அதற்கு முன் என்ன மாற்றினீர்கள் என்ற ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பும்போது மாணவர் பெயர், கைபேசி எண், படம் ஆகியவற்றை மறைக்கச் சொல்லுங்கள். 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, நம்மை நம்பி விவரம் தந்த மாணவர்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதையும் இதுவே.

வாட்ஸ்அப்பில் தீர்ந்த சிக்கல் இரண்டு வாரத்தில் கண்ணில் படாமல் மேலே போய்விடும், அதே கேள்வி திரும்ப வரும். வாரம் ஒருவர் பொறுப்பேற்று, அந்த வாரம் தீர்ந்த சிக்கல்களைப் பதிப்பு எண்ணோடு தமிழில் அரைப் பக்கக் குறிப்பாகப் பொது இடத்தில் சேர்க்கட்டும். குறிப்புகளுக்கு ஆரம்பத்திலேயே, எவரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்துவிடுங்கள்; பின்னால் யாருடையது என்ற பேச்சு எழாது.

தமிழாக்கம்

கோஹாவின் மொழிபெயர்ப்பு நடக்கும் வெப்லேட் தளத்தில் கணக்குத் தொடங்கி உலாவியிலேயே மொழிபெயர்க்கலாம். ஓபேக்கை முதலில் எடுங்கள். வாசகர் பார்ப்பது அதுதான், பணியாளர் பகுதியைவிட அளவிலும் சிறியது. உட்காரும்முன் ஐம்பது சொற்களின் பட்டியலை முடிவு செய்யுங்கள்: உறுப்பினர், பிரதி, இரவல், முன்பதிவு, நிலுவை என்று. இல்லையென்றால் ஒரே பொத்தான் மூன்று பக்கத்தில் மூன்று பெயரோடு நிற்கும். பெயர், எண் போன்றவை வந்து நிரம்பும் இடத்தைக் காட்டும் மாறிக் குறிகள் இருக்கும் வரிகளில் அந்தக் குறிகளை அப்படியே விட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பக்கம் பிழை காட்டலாம். மொழிபெயர்த்த வரி உடனே நூலகத் திரையில் வராது, அடுத்த வெளியீட்டை ஏற்றிய பிறகே தெரியும். இதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆர்வத்தோடு வந்தவர் சோர்ந்துபோவார்.

பணமும் நிறுவனங்களும்

முதல் ஆண்டு சந்தா வேண்டாம். கூட்டத்தை நடத்தும் கல்லூரி இடமும் மதிய உணவும் தந்தால் போதும். பணம் கையாளும் நிலை வந்தால் தனிநபர் வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம், அதுவரை ஏற்கெனவே பதிவான நூலகர் சங்கம் ஒன்றின் பொறுப்பில் நடத்தலாம்.

கட்டணத்துக்குச் சேவை செய்யும் நிறுவனத்தினர் குழுவில் இருக்கலாம், பதிலும் சொல்லலாம். விளம்பரம் கூடாது, ஒருங்கிணைப்புப் பொறுப்பும் கூடாது. அவர்களிடம் ஒப்பந்தம் போடும் உறுப்பினருக்குக் குழு ஒரு மாதிரிப் பட்டியல் தர வேண்டும்: சர்வரின் முழு அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல் கல்லூரியிடம், இணையப் பெயர் கல்லூரியின் பெயரில், மாதம் ஒருமுறை முழுத் தரவுத்தள நகல், ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் எந்த வடிவில் தரவு கைக்கு வரும். மென்பொருள் கட்டற்றதாக இருந்தும் தரவு பூட்டிக் கிடந்தால் என்ன பயன்? கோஹா என்ற பெயருக்கே நியூசிலாந்தில் வணிகக்குறி வழக்கு நடந்திருக்கிறது. உங்கள் குழுவுக்கு "கோஹா பயனர் குழு" என்று மாவட்டப் பெயரோடு வையுங்கள், அதிகாரபூர்வ அமைப்பு என்று தோன்றும்படி எதையும் சேர்க்காதீர்கள்.

உலகச் சமூகத்தோடு சேர்வதும் பொறுப்பை மாற்றுவதும்

கோஹாவில் ஒரு திருத்தம் சேர, எழுதியவரைத் தவிர இன்னொருவர் சோதித்து ஒப்புதல் தர வேண்டும், அதன்பின் தரப் பரிசோதனைக் குழு பார்க்கும். அந்த முதல் ஒப்புதலுக்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. உலாவியில் இயங்கும் சோதனைத் தளத்தில் திருத்தத்தை ஏற்றி, கூடவே எழுதியிருக்கும் சோதனைப் படிகளை ஒன்றொன்றாகச் செய்துபார்த்து முடிவைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். இஷ்யூ கவுண்டரில் பல ஆண்டு இருந்த நூலகர் இதை நன்றாகவே செய்வார். கூட்டத்துக்கு ஒரு திருத்தம் என்று எல்லோரும் சேர்ந்து சோதியுங்கள். ஆங்கிலத்தில் பிழை அறிக்கை எழுதத் தயங்குபவர்கள் தமிழில் சொல்ல, ஒருவர் எழுதிப் பதியட்டும். தமிழ்த் தேடலிலும் வரிசைப்படுத்தலிலும் உள்ள குறைகளைப் பயன்படுத்துபவர்கள் பதிந்தால்தான் எழுதுபவர்களுக்குத் தெரியவரும்.

குழுவுக்கு இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள், வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து, ஆண்டுக்கு ஒருவர் மாறும்படி. வெப்லேட் கணக்கு, குறிப்புகளின் களஞ்சியம், சோதனை சர்வர், இணையப் பெயர், வாட்ஸ்அப் நிர்வாகம் ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று நிறுவனங்களைச் சேர்ந்த மூன்று பேருக்கு அனுமதி இருக்கட்டும். ஆண்டு இறுதியில் அந்த மூவரும் ஒவ்வொன்றிலும் உள்நுழைந்து காட்ட வேண்டும். ஓய்வுபெறப்போகும் நூலகரின் கணக்கில் மட்டும் எது இருக்கிறது என்று அந்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.